காயாத கேன்வாஸில் குங்குமப் பொட்டு

விஜயதசமி காலையில கேலரி ஷட்டரைத் தூக்கினேன். தூக்கின கை அப்படியே நின்னுபோச்சு. சுவர்ல இருந்த பெரிய படம், வெள்ளைமேல வெள்ளையும் கொஞ்சம் சாம்பலுமா தீட்டினது. அதுக்கு நட்டநடுவுல சந்தனம், அதுமேல ஒத்த ரூபா அகலத்துக்குக் குங்குமம்.

தொண்ணூறுகள்ல மைசூர்ல மாடர்ன் ஆர்ட் விக்கறேன்னு சொன்னா, பாதி ஊர் என்னை ஃப்ரேம் கடைக்காரன்னு நினைச்சது. மீதி ஊர் நினைக்கவே இல்லை. அந்தப் படத்தை ஒரு டாக்டரம்மாவுக்குப் பேசி முடிச்சிருந்தேன். நல்ல நாள்னு அன்னிக்கே எடுத்துட்டுப் போக வர்றாங்க. வரைஞ்ச ஸ்ரீதர்தான் என்கிட்ட இருந்த ஒரே உருப்படியான ஆர்ட்டிஸ்ட். அவர் கோவிச்சுக்கிட்டுப் போனா நிஜமாவே ஃப்ரேம் கடைதான்.

முந்தின நாள் பூஜைக்காக முருகேசன்கிட்ட சாவி குடுத்திருந்தேன். ஃப்ரேம் அடிக்கிறவர், சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம். எனக்குப் பின்னாடியே வந்து நின்னார்.

"என்னய்யா இது?"

"ஆயுத பூஜைங்க. சுத்தியலுக்கு வெச்சேன், ரம்பத்துக்கு வெச்சேன், உங்க ஸ்கூட்டருக்கும் வெச்சேன். நமக்குச் சோறு போடறது படந்தானுங்களே, அதை விட்டா நல்லாருக்குங்களா?"

ஆயில் பெயிண்ட் தடிமனா இருந்தா மேலாப்புல காஞ்ச மாதிரி தெரியும், உள்ள மாசக்கணக்குல ஈரம் இருக்கும். குங்குமம் அதுல நல்லா ஒட்டிக்கிச்சு.

"துணியில தொடச்சிரட்டுங்களா?"

"கைய எடுய்யா!"

ஸ்ரீதருக்கு போன் பண்ணேன். "பொட்டா?"ன்னார். போனை வெச்சுட்டார்.

தசரா கூட்டத்துல நீந்தி ஸ்ரீதர் வர்றதுக்குள்ள டாக்டரம்மா வந்துட்டாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

"அய்யோ, எஷ்டு சென்னாகிதெ! எவ்ளோ நல்லாருக்கு! பூஜை பண்ணியே குடுக்கறீங்களா? அப்படியே பேக் பண்ணுங்க."

முருகேசன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஸ்ரீதர் வேர்த்து ஊத்திக்கிட்டு உள்ள வந்தார், பாக்கெட்டுல பெயிண்ட் கத்தி.

"மேடம், அதைச் சுரண்டணும்."

"ஏன்றீ? லட்சணமா இருக்கு. வாங்கறவ நான்தானே?"

"அப்ப பொட்டு இருக்கட்டும், என் கையெழுத்தைச் சுரண்டித் தரேன்."

ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. நான் மேஜையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"அம்மா, இப்ப எடுத்துட்டுப் போனா அது ஸ்ரீதர் படமா இருக்காது. அவர் சரி பண்ணட்டும், காயட்டும். அப்புறமா வாங்களேன்."

"நல்ல நாளும் அதுவுமா வெறுங்கையோட அனுப்பறீங்க." கிளம்பிட்டாங்க. அப்புறம் வரவே இல்லை.

ஸ்ரீதர் கத்தி நுனியால பொட்டை எடுத்தார், வெள்ளையைக் குழைச்சுப் பூசினார். முருகேசன் லைட் பிடிச்சார். போகும்போது வாசல்ல நின்னு, "வீட்டுல புதுசா கொஞ்சம் வரைஞ்சிருக்கேன். வந்து எடுத்துக்கோங்க. எல்லாமே உங்களுக்குத்தான்"னார்.

இந்தத் தொழிலுக்கு வர்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான். வாங்கறவங்க ஒரு படத்தோட போயிடுவாங்க. வரையறவர் போயிட்டா நம்மகிட்ட மிஞ்சறது சுவர்ல இருக்கற வெறும் ஆணிதான். இதை இப்ப ரொம்ப தைரியமா சொல்றேன். அன்னிக்கு எவ்ளோ தைரியமா இருந்தேன்னு நான் பிடிச்சுக்கிட்டு நின்ன அந்த மேஜையைத்தான் கேக்கணும்.