அவர் புருவத்துத் தழும்பு

மூன்று வருடங்களுக்கு முன் போடிநாயக்கனூரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம். அடையாள அட்டைக்கென்று நூற்றுக்கணக்கில் பிள்ளைகளின் படங்கள் வந்து குவியும். ஒவ்வொன்றாகத் திருத்தி மாளாது என்று, கணினியே செய்துகொள்ளும்படி சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். முகத்தில் உள்ள பரு, தழும்பை நீக்கும், பின்னணியை வெள்ளையாக்கும், அதே பெயரில் சேமித்துவிடும். நான் ஹாயாக டீ குடித்துக்கொண்டிருப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்தச் சமயத்தில்தான் ராசிங்காபுரத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர். கணவர் தவறி ஒரு வருடம் ஆகப்போகிறது. உடைந்த போனுக்குள் கிடந்த படத்தை எடுத்துத் தர ஆள் இல்லாமல், பதினாறாம் நாள் காரியத்தைப் படமில்லாமலேயே முடித்திருந்தார்கள். வருடத் திதிக்காவது மாலை போட ஒரு படம் வேண்டும். முந்தானை முடிச்சை அவிழ்த்து மெமரி கார்டை எடுத்துக் கொடுத்தார்.

"இது ஒண்ணுதான் தாயி இருக்கு. எஸ்டேட்ல யாரோ எடுத்தது."

அவசரத்தில் நகல் எடுக்காமல், கார்டிலிருந்த படத்தை 'கட்' செய்து கணினிக்கு மாற்றிப் பிள்ளைகளின் படங்களோடு போட்டு ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். பெரிதாக அச்செடுத்து, சட்டமும் போட்டாயிற்று. திதிக்கு முதல் நாள் அக்கா வந்ததும் நீட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தேன் இருக்கு. ஆனா இது அவுரு மாதிரியே இல்லையே தாயி" என்றார்.

இடது புருவத்துக்கு மேலே இருந்த தழும்பைக் காணோம். அவர் தேவாரம் ஊர்ப் பக்கம் தோட்டக் காவலுக்குப் போனபோது, யானைக்குப் பயந்து ஓடி முள்கம்பியில் கிழித்துக்கொண்டதாம். "மஞ்சப் பத்துப் போட்டு ஆத்துனது நாந்தானே."

"ஒரு நிமிஷம்க்கா, பழைய படத்தை எடுத்துர்றேன்" என்று கணினிப் பக்கம் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அதே பெயரில் சேமித்ததில் பழைய படம் போயே போய்விட்டது. கார்டிலும் இல்லை. அழிந்ததை மீட்கத் தெரிந்த வழியெல்லாம் செய்து பார்த்தேன். கிடைக்கவில்லை. நடந்ததை அவரிடம் சொன்னேன். திட்டித் தீர்ப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி, நாஞ் சொல்றேன். நீ வரை."

திரையில் விரல் வைத்துக் காட்டினார். இன்னும் கொஞ்சம் மேலே. அவ்வளவு நீளம் இல்லை. நுனியில் லேசாக வளைந்திருக்கும். நான் வரைவதும் அழிப்பதுமாக மதியம் முழுக்கப் போனது. கடைசியில், "இதுதேன் தாயி, இதேதேன்" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.

இன்று நான் எழுதும் எந்த ஸ்கிரிப்டும், மூலப் படத்தை நகலெடுத்துத் தனியே வைத்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். ஆனால் அன்று நான் வரைந்தது உண்மையிலேயே அந்தத் தழும்புதானா, இல்லை, என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு அந்த அக்கா அப்படிச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. போய்க் கேட்கும் தைரியமும் வரவில்லை.