மூன்று முறை அணைந்த அடுப்பு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். சத்தியம் செய்து காட்டுகிற வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது. 1983, மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. திருவண்ணாமலையில், என் வீட்டு அடுப்படியில் நடந்தது இது.

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். என் வீட்டுக்காரர் சகாதேவன் லாரி டிரைவர். பெங்களூர் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, "எங்கம்மா போட்ட அடுப்பு சும்மா கெடக்குது. சரி பண்ணி வை கஸ்தூரி. வந்ததும் அதுல கருவாட்டுக் கொழம்பு வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமியார் சந்திரம்மாள் இறந்து பதினோரு வருடம். நான் பார்த்ததில்லை. ஒரு போட்டோகூட இல்லை. பக்கத்தில் இன்னொரு கண் வைத்து அவர் போட்ட கொடி அடுப்பு அதன்பிறகு எரியவே இல்லையாம். வாய் இடிந்து, பக்கத்துக் கண் தூர்ந்து கிடந்தது. புற்றுமண்ணில் உமி கலந்து மிதித்து, விரிசலை அடைத்து, சாணி மெழுகி, மூன்று நாள் காயவைத்தேன். அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துவிடுவார். வந்ததும் சுடச்சுடப் போட வேண்டும். அந்த ஒரு ஆசையில் நிமிடத்துக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்தேன்.

4.05க்குப் பற்றவைத்தேன். நன்றாகக் காய்ந்த வேலிக்காத்தான் விறகு. சடசடவென்று பிடித்தது. 4.10க்குப் பொசுக்கென்று அணைந்தது.

4.25. மறுபடி மூட்டினேன். மறுபடி அணைந்தது. ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம்.

4.40க்கு மண்ணெண்ணெய் ஊற்றினேன். குப்பென்று எழுந்த தீ, யாரோ தண்ணீர் கொட்டியதுபோல 'உஸ்ஸ்...' என்று அணைந்தது. சாம்பலைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

"மூட்டாத கண்ணு."

பின்வாசலில் ஒரு அம்மா. கையில் மூடிய தூக்கு.

"யாரும்மா நீங்க?"

"இன்னிக்கு இந்த வூட்ல அடுப்பு எரியக் கூடாது. சோறு கொண்டாந்திருக்கேன்."

சுருக்கென்றது எனக்கு. சாவு விழுந்த வீட்டில்தான் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவருவார்கள்.

"வூட்டுக்காரரு வர்ற நேரத்துல இன்னா பேச்சு இது?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் உள்ளே வந்தார். தட்டில் சோறு போட்டார். உப்பு எடுக்கிறவர்போல அடுப்புக்கு மேலே கை நீட்டினார். அங்கே வெறும் சுவர். கை சுவரைத் தடவியது... தடவிக்கொண்டே இருந்தது...

"துன்னுடு கண்ணு. அப்பறம் உனக்கு எறங்காது."

ஏனென்று தெரியவில்லை. சாப்பிட்டேன்.

நிமிர்ந்தேன்.

யாரும் இல்லை.

பின்கதவு... உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

6.30க்குத் தகவல் வந்தது. செங்கம் ரோட்டில் லாரி புளியமரத்தில் மோதிவிட்டது. அவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். அப்போது மணி 4.10 என்றார்கள்.

மூன்று நாள் எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. நான்காம் நாள், சின்ன மாமனார் முருகையனிடம் அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் அடுப்படிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கதான் எங்க அண்ணி உப்பு மாடம் வச்சிருந்தாங்க. அவங்க செத்தப்பறம் நான்தான் அடைச்சேன்."

பெற்ற தாய்போல என் பசியாற்ற மாமியார் வந்திருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பதினாறாம் நாள் வரைக்கும்தான். அன்று, லாரியில் கூட வந்த இன்னொரு டிரைவர் மூர்த்தி கட்டுப்போட்ட கையோடு வந்தார்.

"ரோடு காலியாத்தான் இருந்துச்சு அண்ணி. அண்ணன் திடீர்னு, 'எங்கம்மா நடுரோட்டுல நிக்குதுடா'ன்னு வண்டிய ஒரு பக்கமா ஒடிச்சுட்டாரு..."

மகனை நிறுத்த நின்றாளா, கூட்டிப்போக நின்றாளா? எனக்குத் தெரியாது. திட்டவும் வாய் வரவில்லை. அவள் போட்ட சோற்றைத் தின்றிருக்கிறேன்.