மூன்று ஸ்க்ரூவும் ஒரு முகூர்த்தமும்

போன ஞாயிற்றுக்கிழமை மாங்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணப்பெண் வசந்தா அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆவடியில் என் எதிர் ஃப்ளாட். தையல் கடை வைத்திருக்கிறார். கணவர் இறந்து பல வருஷமாகிறது. மாப்பிள்ளை ஏகாம்பரம், ஃபேக்டரி பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். அம்பத்தூர்க்காரர்.

இந்தக் கல்யாணம் ஆறு மாதம் முன்பே நடந்திருக்க வேண்டும். முகூர்த்தப் புடவை வாங்கிவிட்டு, குமணன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அக்கா வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பில் முறிவு.

நம் ஊரில் இடுப்பு எலும்பு என்றாலே என்ன நினைக்கிறோம்? இனி கட்டில்தான்... பார்க்க வந்தவர்கள் பாதி துக்கமே விசாரித்துவிட்டுப் போனார்கள். அக்காவும் நம்பிவிட்டார்.

"எலும்பு விலகல. மூணு ஸ்க்ரூ போட்டா கூடிடும்," என்றார் டாக்டர். அது அக்கா காதில் ஏறவில்லை. ஏகாம்பரத்தைப் பார்த்து, "நிறுத்திடலாங்க. நொண்டியக் கட்டிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்று அழுதார்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கல்யாணம் பண்ணிகினு இன்னா ஓட்டப்பந்தயமா ஓடப் போறோம்? எய்ந்து நிக்க முடியலன்னா நானும் ஒக்காந்துகினே தாலி கட்றேன். போய் ஆபரேசன் பண்ணிகினு வா."

அக்கா போனார். சின்னக் கீறல்தான், மூன்று ஸ்க்ரூவும் உள்ளே போயின. மறுநாளே பிசியோதெரபி பெண் வாக்கரைப் பிடிக்க வைத்து எழுப்பி நிறுத்தினாள். "அந்தக் கால்ல வெயிட் போடாதீங்க." அக்கா அழுதுகொண்டே வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டார். எதிரே நின்ற ஏகாம்பரம், பஸ்ஸுக்கு ரூட் காட்டுவதுபோல் கையை ஆட்டினார்.

"வா... வா... லெப்ட்ல எடம் கீது... வா..."

வார்டே சிரித்தது. வலியோடு அக்காவும் சிரித்தார். அழுத கண்ணைத் துடைக்காமலே நடந்தார்.

வாரக்கணக்கில் வாக்கர், பிறகு கைத்தடி. தினமும் உடற்பயிற்சி. சலித்துப்போய்ப் படுத்துவிட்ட நாட்களும் உண்டு. கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து, "நல்லா கூடியிருக்கு. ஸ்க்ரூ தொந்தரவு பண்ணலேன்னா உள்ளயே இருக்கட்டும். தடி வேணாம்," என்றார் டாக்டர்.

அக்கா கேட்டது ஒரே கேள்வி. "அக்னி சுத்தலாமா டாக்டர்?"

சுற்றினார். நாற்காலியில் உட்கார்ந்து தாலி வாங்கிக்கொண்டு, ஏகாம்பரத்தின் கையைப் பிடித்து, நிதானமாக. அடுத்த முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஐயர் விரட்டினார்.

"மெதுவா போவலாம் சாமி," என்றார் மாப்பிள்ளை. "எங்களுக்கு இன்னா அவசரம்?"

மூன்று சுற்று முடிவதற்குள் பந்தியில் சாம்பார் ஆறிவிட்டது—ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.