நோலீன் வீட்டு மரத்தளம்

நோலீன் டிரெகியர் ஒரு சந்தேகம் வந்தால் யாரையும் நேராகக் கேட்க மாட்டாள். எங்கள் ஊர் ஹோம் ஹில்லின் கடைத்தெருவில், ரொட்டிக்கடைக் கல்லாவில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவள். வழக்கமாக முழு ரொட்டி வாங்குகிற பெண் ஒருநாள் அரை ரொட்டி கேட்டால், அந்த வீட்டிலிருந்து யாரோ கிளம்பிவிட்டார்கள் என்று தானே முடிவு கட்டிவிடுவாள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அதனால் தன் சந்தேகங்கள் மேல் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு.

நான் அவளுக்குப் பக்கத்து வீடு. நடுவே இடுப்பளவு கம்பிவேலிதான். என் துணிக்கொடியில் நின்றால் அவர்கள் கொல்லை முழுவதும் தெரியும். மாமரம், அவள் கணவர் கிளைவின் தகரக் கொட்டகை, பின்வாசலுக்கு மேலே ஒழுகுகிற மழைநீர்க் குழாய், அதன் கீழே எப்போதும் ஒரு வாளி. நடுவில் நீச்சல் தொட்டி. மண்ணைத் தோண்டிக் கட்டியதல்ல. தரைக்கு மேல் நெஞ்சளவு உயரத்தில் வட்டமாக நிற்கிற தகரத் தொட்டி. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வாங்கியது. ஏறி இறங்க ஒரு பக்கத்தில் கிளைவ் அடித்து வைத்த சின்ன மரத்தளம் உண்டு. அதில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தண்ணீரில்தான் நிற்க வேண்டும்.

"பெரிசா ஒண்ணு போடு கிளைவ். நாற்காலி போட்டுக் காலை நீட்டி உக்காரணும்" என்று நோலீன் வருடாவருடம் கேட்பாள்.

"அடுத்த கோடைக்குப் பாப்போம்" என்பார் கிளைவ். பிள்ளைகள் வளர்ந்து டவுன்ஸ்வில்லுக்கும் பிரிஸ்பேனுக்கும் போனார்கள். கிளைவ் சர்க்கரை ஆலையிலிருந்து ஓய்வு பெற்றார். நோலீனும் கேட்பதை விட்டுவிட்டாள்.

அப்புறம்தான், ஒரு ஜூலை மாதத்தில், லாரி வந்தது. அறுவடைக்கு முன்னால் சருகு எரியக் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைக்கிற காலம் அது. சாம்பல் பறந்து வந்து துணியிலும் தொட்டித் தண்ணீரிலும் விழும். எங்கள் பக்கம் ஜூலைதான் குளிர்காலம். தண்ணீர்ப் பக்கம் யாருமே போகாத அந்த மாதத்தில் கறையான் அரிக்காமல் மருந்தேற்றிய பைன் பலகைகளைக் கட்டுக்கட்டாக இறக்கிவிட்டுப் போனார்கள்.

நோலீன் வேலியோரம் வந்தாள்.

"மாவிஸ், பாத்தியா?"

"பாத்தேன். உன் தளத்துக்குத்தானே?"

"நான் கேட்டப்பல்லாம் வராதது, கேக்கறத நிறுத்தினதும் வருதாம். இது எனக்கில்ல."

"பின்ன யாருக்கு?"

"வீடு வாங்க வர்றவனுக்கு."

அவள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. எங்கள் தெருவில் குடியிருப்பதற்காக யாரும் வீட்டைச் சரிசெய்வதில்லை. மூடாத கதவோடும் சொட்டுகிற குழாயோடும் வருடக்கணக்கில் காலம் தள்ளுவார்கள். விற்க முடிவு செய்ததும்தான் சுத்தியல் சத்தம் கேட்கும். எதிர்வீட்டு போடன் குடும்பம் கழிப்பறைக்கு வெள்ளையடித்தது. அடுத்த மாதமே வாசலில் விற்பனைப் பலகை நின்றது. நோலீனின் அப்பாவும் அப்படித்தான். இங்காமில் இருந்த வீட்டுக்குப் புதுச் சமையலறை கட்டினார். அவள் அம்மா அதில் ஒரே ஒரு கிறிஸ்துமஸுக்குச் சமைத்தாள். பிறகு வீடு கைமாறிவிட்டது. அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாடகை வீட்டின் பழைய அடுப்புக்கு முன்னால் அம்மா நின்ற நிலையை நோலீன் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். தனக்கும் அதுதான் வரப்போகிறது என்று இப்போது நினைத்தாள்.

"இங்க பாரு" என்று வேலிக்கு அந்தப் பக்கம் புல்லைக் காட்டினாள். வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். "போன வாரத்துலேர்ந்து இருக்கு. குதிகால் உசந்த செருப்பு. நம்ம தெருவுல யாரு அதைப் போடறா? வீட்டுத் தரகு ஆபீஸ்ல இருக்கறவங்களத் தவிர?"

எனக்கு அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "நீ கடைக்குப் போனப்ப ஒரு பொண்ணு வந்தா, நோலீன். வீட்டைச் சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்தா."

"அதானே" என்றாள்.

கிளைவும் அவரோடு ஆலையில் வேலை பார்த்த ரஸ்ஸும் குழி வெட்டி, தூண் நட்டு, காங்கிரீட் ஊற்றினார்கள். சட்டங்கள் ஏறின. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு ஆணியைச் செருகி, அந்தத் தடிமனுக்கு இடைவெளி விட்டு அடித்துக்கொண்டே வந்தார்கள்.

"தொட்டி மேல சாயாதடா, அது வெறும் தகரம்" என்றார் கிளைவ். "தளம் தன் கால்ல நிக்கணும்."

"அது கிடக்கட்டும். உன் பொண்டாட்டி ஏன் என்னை அப்படிப் பாக்கறா? நான் என்ன பிஸ்கட்டைத் திருடினேனா?"

"டீ குடுத்தாளா?"

"குடுத்தா. சக்கரை போடல."

"ஆலைக்காரனுக்கே சக்கரை இல்லையா? அப்ப ஏதோ கோவம்தான்."

பின்வாசலில் நின்ற நோலீன், "நல்லா பண்றே கிளைவ். யாரோ ரொம்ப சந்தோஷப்படப் போறாங்க" என்றாள்.

"நீதான் கண்ணு."

"ஓகோ."

தளம் பெரிதானால் அதைச் சுற்றி வேலி போட வேண்டும் என்பது சட்டம். குழந்தைகள் ஏறிப் போய்த் தண்ணீரில் விழாமல் இருக்க. வேலி சரியாக இருக்கிறதா என்று ஒருவர் வந்து பார்த்துச் சான்றிதழ் தருவார். அதே சான்றிதழ் இருந்தால்தான் வீட்டை விற்கவும் முடியும். இரண்டாவது விஷயம்தான் நோலீன் மனதில் நின்றது.

பார்க்க வந்தவன் இளைஞன். கையில் அளவுகோல். கேட்டைத் திறந்து விட்டான், அது தானாக மூடிக்கொண்டது. தலையாட்டினான். வேலியைச் சுற்றி வந்தவன் ஓரிடத்தில் நின்றான். வேலியை ஒட்டினாற்போல் எலுமிச்சைச் செடி வைத்த பெரிய மண்தொட்டி.

"இது மேல குழந்தை ஏறினா அந்தப் பக்கம் தாண்டிடும். வேலிக்குப் பக்கத்துல எதுவும் இருக்கக் கூடாது. எடுத்துட்டுச் சொல்லுங்க, திரும்ப வரேன்."

கிளைவ் தலையைச் சொறிந்தார். அந்தத் தொட்டி கொட்டகையோரம் அல்லவா இருந்தது? இழுத்துக்கொண்டு போய் அங்கேயே விட்டார். அடுத்த முறை அந்தப் பையன் வந்தபோது எலுமிச்சை மறுபடியும் வேலியோரம் நின்றது.

கிளைவ் என்னிடம் வந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"மாவிஸ், உன் வீட்டுக்கு யாராவது பசங்க வந்து போறாங்களா?"

"பூனைதான் இருக்கு, கிளைவ்."

"பூனை தொட்டியத் தூக்குமா?"

"இந்தப் பூனை எலியையே தூக்காது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் மேலேயே சந்தேகம் என்று புரிந்தது. கடைக்குக் கிளம்புகிற காலையில் நோலீன், முட்டிவலியால் நடுவில் நின்று நின்று, அந்தத் தொட்டியைச் சாய்த்து உருட்டிக்கொண்டு போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். ஆனால் சொல்லவில்லை. அவள் வீட்டை அவள் காப்பாற்றிக்கொள்கிறாள், நான் யார் நடுவில்?

மூன்றாவது முறை பையன் வரவேண்டிய காலையில், கிளைவ் கொட்டகைக்குள் தேநீரோடு உட்கார்ந்து காத்திருந்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நோலீன் எலுமிச்சைத் தொட்டியை உருட்டத் தொடங்கியதும் அவர் வெளியே வந்தார்.

"என்ன பண்றே நோலீன்?"

அவள் தொட்டியை விடவில்லை. "எலுமிச்சைக்கு வெயில் வேணும்."

"வெயிலே இன்னும் வரலியே."

"வரும்ல."

"ரெண்டு தடவையும் நீதானா? நான் பாவம் மாவிஸைப் போய் முறைச்சுட்டு வந்தேன்!"

"அந்தச் சான்றிதழ் வந்துட்டா நீ வித்துடுவே."

"எதை?"

"என் வீட்டை."

கிளைவ் புதுத் தளத்தின் படியில் உட்கார்ந்தார்.

"வெலை கேட்டேன். அது நிஜம். உனக்கு முட்டி, எனக்குத் தோள்பட்டை. புல்லு வெட்ட முடியல. சும்மா தெரிஞ்சு வெச்சுக்கலாம்னுதான்."

"எங்கப்பாவும் எங்கம்மாகிட்ட சும்மான்னுதான் சொன்னாரு."

"முழுசாக் கேளு. அந்தச் செருப்புக்காரி என்ன சொன்னா தெரியுமா? மொதல்ல இந்த நீச்சல் தொட்டியப் பிரிச்சுக் குப்பையில போடுங்க, புல்லு வெச்சுடுங்க, இந்த அசிங்கத்தைப் பாத்தா ஒருத்தனும் உள்ளயே வர மாட்டான்னா. நம்ம பசங்க நீச்சல் கத்துக்கிட்ட தொட்டி. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! அவளை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு, மறுநாளே போய்ப் பலகைக்குச் சொல்லிட்டேன். விக்கிறவன் தொட்டியப் பிரிப்பான் நோலீன். சுத்தித் தளமா போடுவான்?"

நான் துணிக்கவ்வியை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். முதலில் குதிகால், பிறகு பலகை. நோலீன் வரிசையைச் சரியாகத்தான் படித்திருந்தாள், காரணத்தைத்தான் தப்பாகப் படித்துவிட்டாள்.

அவள் உடனே இறங்கி வரவில்லை. "இதை நீ இப்ப உக்காந்து யோசிச்சுக்கூடச் சொல்லலாம்."

"என்ன பண்ணினா நம்புவே?"

"பெயிண்ட் நான் சொல்ற கலரு."

"சொல்லு."

"பச்சை. கிளிப்பச்சை."

"ஐயோ, அதைப் பாத்து எவன் இந்த வீட்டை வாங்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"அதான்" என்றாள் நோலீன். எலுமிச்சைத் தொட்டியை அவளே கொட்டகைப் பக்கம் உருட்ட ஆரம்பித்தாள். கிளைவ் எழுந்து போய் மறுபக்கம் பிடித்தார்.

பையன் வந்தான், பார்த்தான், சான்றிதழ் தந்தான். அதைக் கிளைவ் கைக்குப் போகவிடாமல் நோலீனே வாங்கிக்கொண்டாள். அந்த வாரமே பச்சையடித்தார்கள். எங்கள் பக்கம் விற்கிறவர்கள் சாம்பல் நிறமோ வெள்ளையோதான் பூசுவார்கள். இது தெருமுனை வரை தெரிந்தது. ரஸ் வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "தவளைகூட இது மேல உக்கார வெக்கப்படும்" என்றார். அன்று அவருக்குத் தேநீரில் சர்க்கரை இருந்தது.

கோடை முழுவதும் நோலீன் அந்தப் பச்சைத் தளத்தில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மழை தொடங்கியபோது ஒருநாள் கிளைவ் பின்வாசலில் ஏணியைச் சாய்த்து ஏறினார். நாற்காலியிலிருந்து அவள் எழவில்லை. குரல் மட்டும் வந்தது.

"கிளைவ், எதுக்கு மேல ஏறினே?"

"குழாய் ஒழுகுதே, அதை அடைக்கலாம்னு..."

"இத்தனை வருஷமா ஒழுகுது. இப்ப என்ன திடீர்னு? எறங்கு."

கிளைவ் இறங்கினார். வாளி நிறைந்திருந்தது. அதைக் கொட்டிவிட்டு, பழைய இடத்திலேயே வைத்தார்.