பதினைந்து நாள் துண்டு

மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் வண்டியில் ஒரு சட்டம் உண்டு. ரயில்வே போட்ட சட்டமல்ல, தினமும் போய்வருகிறவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்டது. வண்டி புறப்படும் இடத்தில் ஏறுகிறவர்கள், அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் ஏறப்போகும் தங்கள் ஆட்களுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பார்கள். உரியவர் ஒருநாள் வரவில்லையென்றால் நின்றுகொண்டு வருகிறவர் யாராவது அந்தத் துண்டின்மேல் உட்கார்ந்துகொள்ளலாம். ஆனால் அது இரவல்தான். பதினைந்து நாள் தொடர்ந்து ஆள் வராவிட்டால் மட்டுமே துண்டு எடுக்கப்படும், இடம் அடுத்தவருக்குப் போகும். கல்யாணம், காய்ச்சல், சபரிமலை எல்லாம் அந்தப் பதினைந்து நாளுக்குள் அடங்கிவிட வேண்டும். கடைசிப் பெட்டியில், மூன்றாவது ஜன்னலோரத்தில் இருபத்தாறு வருடங்களாக வாணியின் துண்டு கிடந்தது.

வாணிக்கு ஐம்பத்தோரு வயது. கோரமண்டலில் வீடு. ஸ்டேஷனுக்கு நடந்தால் எட்டு நிமிடம், ஓடினால் நாலு. இருபத்தாறு வருடமும் ஓடித்தான் பழக்கம். ஏறி உட்கார்ந்து தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்தால் வண்டி நகர்வதற்குள் தூக்கம் வந்துவிடும். ஒயிட்ஃபீல்டு வந்ததும் பக்கத்திலிருப்பவர் தோளைத் தொடுவார். அதற்கு முன் எழுப்ப மாட்டார்கள். அந்த வண்டியில் தூங்குகிறவரை அவருடைய ஸ்டேஷனுக்கு முன்னால் எழுப்புவது பாவம்.

ஒயிட்ஃபீல்டில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. அங்கே இன்ஷூரன்ஸ் கவுன்டரில் அவள் சூப்பர்வைசர். நோயாளிக்கு உடம்பு குணமாகி, புதுச்சட்டை போட்டு, பையையும் கட்டி வைத்திருப்பார்கள். இன்ஷூரன்ஸ்காரனின் அனுமதி மட்டும் வந்திருக்காது. வாசலில் கார் நிற்கும், பாட்டி கோபப்படும், மருமகன் கவுன்டருக்கு வந்து கத்துவான். திட்டு வாங்க வேண்டியவன் எங்கோ மும்பையில் உட்கார்ந்திருக்க, வாங்குவதற்குக் கோரமண்டலிலிருந்து ஒருத்தி. மூன்று போன்கள் ஒரே நேரத்தில் அடிக்கும். ராத்திரி வீட்டுக்கு வந்து சோற்றில் கைவைத்த பிறகும் காதுக்குள் அந்த மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

ஆயுதபூஜைக்கு மறுவாரம் ஒருவன் மேஜையில் அறைந்து கத்தியபோது வாணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதே ஆஸ்பத்திரி டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "ரெஸ்ட் எடுங்கம்மா. இல்லாட்டி நாளைக்கு நீங்களே இங்க அட்மிட் ஆகி, உங்க கவுன்டர்லயே அப்ரூவலுக்குக் காத்திருக்கணும்" என்றார். அவள் பதினைந்து நாள் லீவு போட்டாள். வேலையை விட்டுவிடலாமா என்றும் மேலதிகாரியிடம் மெல்லக் கேட்டு வைத்தாள். லீவு முடிவதற்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கடிதம் அனுப்பினால் போதும் என்றார்கள்.

வீட்டில் தடை சொல்ல ஆளில்லை. புருஷன் மனோகருக்கு ஆண்டர்சன்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை. மகள் இந்து கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். சோற்றுக்குப் பஞ்சமில்லை. "உட்டுடுமா" என்று மனோகர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். ஆனாலும் கடிதம் எழுத உட்கார்ந்தால் வாணிக்குக் கை வரவில்லை. வேலை ஆளை விட்டுப்போன ஊர் அது. தங்கச் சுரங்கத்தை மூடிய அன்று அவளுடைய அப்பா ராஜப்பா ஷிப்டுக்குப் போட்டுப்போன பூட்ஸைக் கழற்றாமலேயே மாலைவரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் பிறந்தவள், இருக்கிற வேலையைத் தானாக விடுவதா? கொழுப்பு என்று ஊர் சொல்லாதா? ஊர் சொல்லாவிட்டாலும் அப்பாவின் பூட்ஸ் சொல்லும் என்று அவளுக்குப் பட்டது.

லீவின் முதல் மூன்று நாள் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாலாம் நாளிலிருந்து உடம்பின் படபடப்பு மெல்ல இறங்கி வந்தது. பதினொரு மணிக்குத் தன் வீட்டுச் சமையலறையில் வெயில் எங்கே விழும் என்பது இத்தனை வருடம் அவளுக்குத் தெரியாது. அரிசி டின்மேல் விழுந்தது. சும்மா நின்று அதைப் பார்த்தாள். முளைக்கீரையை ஒவ்வொரு தண்டாக ஆய்ந்தாள். வார நாளில் மத்தியானம் சூடான சோறு சாப்பிட்டாள். ஒருநாள் மனோகர் கடையை அரைநாள் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் பேத்தமங்களா ஏரிக்குக் கூட்டிப்போனான். கரையில் உட்கார்ந்து இருவரும் வெள்ளரிக்காய் தின்றார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது. அவ்வளவு நல்ல நாள் அது.

எல்லாம் சரிதான், தூக்கம்தான் வரவில்லை. மெத்தையில் படுத்தால் கண் கொட்டக்கொட்ட விழித்திருந்தாள். விடியற்காலை வண்டிச் சத்தம் கேட்கும்போது, என் இடத்தில் இன்றைக்கு யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நெஞ்சு கேட்கும். அதற்கும் பதில் தெரியும், ஸ்வாதிதான். அதே கோரமண்டலில் ஏறி, அதே ஒயிட்ஃபீல்டு வரை இரண்டு வருடமாக நின்றுகொண்டே போகும் பெண். வரிசையில் அடுத்தவள் அவள்தான்.

பதினைந்தாம் நாள் வந்தது. அன்றும் அவள் அந்த இடத்தில் உட்காரவில்லையென்றால் மறுநாள் துண்டு எடுக்கப்படும். ஆபீஸ் கெடுவும் அன்றைக்கே.

நாலு மணிக்கே எழுந்த வாணி இட்லி ஊற்றினாள். ரயில் பெட்டியில் ஆயுதபூஜை கொண்டாடியபோது சுண்டல் கொண்டுவந்த முனியப்பனின் பெரிய எவர்சில்வர் தூக்கு அவளிடமே தங்கிவிட்டிருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டும், வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது. இது மனோகருக்குச் சொன்ன காரணம். உண்மையான காரணம் அந்த ஜன்னலோரத்தை ஒருதடவை பார்த்துவிட்டு வருவது. அதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

"வரும்போது பாலு வாங்கினு வந்துடறேன். போன் சார்ஜுல கீது, எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுப் புடவையோடு மேலே ஒரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

வண்டி வந்தது. தூக்கைக் கொடுக்க ஏறினாள். முனியப்பன் மாரிக்குப்பத்துக்காரர், ஒரு பாங்கில் செக்யூரிட்டி. நாலு பேருக்குத் துண்டு போடுகிறவர் அவர்தான். "வா வாணிம்மா, வா!" என்று தூக்கை வாங்கிக்கொண்டு வாயெல்லாம் பல்லானார். முந்தி ஏறிவிட்ட ஸ்வாதி இரவல் இடத்தின் நுனியில், பரீட்சைக்கு வந்தவள்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வாணியைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"உக்காருங்கக்கா."

"வேணாம்மா, நீ உக்காரு."

"சிக்னல் இன்னும் உழல. உன் எடத்துல உக்காரு" என்றார் முனியப்பன்.

சிக்னல் விழும்வரைதானே என்று வாணி உட்கார்ந்தாள். அவள் தலை சாயும் இடத்தில் ஜன்னல் கம்பியில் பெயின்ட் உரிந்திருந்தது. அது அப்படியே இருக்கிறதா என்று சும்மா சாய்ந்து பார்த்தாள். பதினாலு ராத்திரித் தூக்கமும் எங்கே ஒளிந்திருந்ததோ, ஒரே அமுக்காக அமுக்கியது.

"அக்கா... அக்கா. ஒயிட்ஃபீல்டு."

தோளில் கை பட்டதும் வாணி எழுந்தாள், இறங்கினாள், கூட்டத்தோடு ஓடினாள். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ஓடின கால் மட்டும் இருக்குமா? நடைமேம்பாலத்தின் படிகளை இரண்டிரண்டாக ஏறி உச்சிக்குப் போனபிறகுதான் கையில் பை இல்லையென்பது தெரிந்தது. குனிந்து பார்த்தாள். ரப்பர் செருப்பு.

"ஏய் ஸ்வாதி! நான் எதுக்குடி எறங்கினேன்?"

ஸ்வாதி திரும்பினாள். "டியூட்டிக்குத்தானேக்கா?"

"ஐயோ, தூக்கு குடுக்க வந்தேன்டி! பாலு வாங்கணும் நானு! ஏன்டி அங்கயே எழுப்பல?"

"நீங்க திரும்ப ஜாயின் பண்ணிட்டீங்கன்னு நெனச்சோம். செருப்பப் பாத்தேன், லேட்டாயிடுச்சு போல, அவசரத்துல வந்துட்டீங்கன்னு... அப்புறம் நீங்க தூங்கிகினு இருந்தது பாத்தா எழுப்ப மனசு வரல. முனியப்பண்ணா யாரையும் பேசக்கூட உடல. மாலூர்ல கடலக்காரனையே தொரத்திட்டாரு."

வாணி சிரிக்க ஆரம்பித்தாள். பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சுற்றி நூறு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஸ்வாதியும் சிரித்தபடியே தன் போனை நீட்டினாள். மனோகர் இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"இன்னாங்க, நான்தான்."

"எங்கமா கீற? ஸ்டேஷன் வரிக்கும் வந்து பாத்துட்டேன்! உன் போனு ஊட்ல அடிச்சிகினு கீது!"

"ஒயிட்ஃபீல்டுல கீறேன். உக்காந்தேன், தூங்கிட்டேன்."

மனோகர் கேட்டான். "பாலு அங்கதான் கெடைக்குதா?"

போனை வாங்கிக்கொண்ட ஸ்வாதி கேட்டாள். "ஆபீஸ் பக்கந்தானேக்கா. வந்தது வந்துட்டீங்க. போறீங்களா?"

பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகை தெரியும். வாணி அதைப் பார்த்தாள். இத்தனை வருடம் சோறு போட்ட இடம், உள்ளே ஏதாவது இழுக்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் இழுக்கவில்லை. காதில் அந்த மணி மட்டும் லேசாக அடித்து ஓய்ந்தது. இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பதினைந்து நாளாகத் தன்னைப் பிடித்து வைத்திருந்தது இந்த வேலையே இல்லை, அந்த ஜன்னலோரத் தூக்கம். ஒன்றரை மணி நேரத் தூக்கத்துக்காகவா ஒருத்தி பத்து மணி நேரம் திட்டு வாங்குவாள்? அப்பாவின் பூட்ஸும் நினைவுக்கு வந்தது. கழற்று என்று அவரிடம் அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. தனக்கு டாக்டர் சொல்லியாயிற்று, புருஷன் சொல்லியாயிற்று, இப்போது கால் செருப்பும் சொல்லிவிட்டது.

"போகலடி. வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

இருபத்தாறு வருடம் சீசன் பாஸில் போனவள் அன்றைக்கு டிக்கெட்டில்லாமல் வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. முகம் வெளிறிவிட்டது. ஸ்வாதியே அவளைக் கவுன்டருக்குக் கூட்டிப்போய்த் திரும்பும் டிக்கெட்டை வாங்கிக் கொடுத்தாள். "சும்மா டென்ஷன் ஆகாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்கு ஓடினாள். ஓடுகிற பெண்ணின் முதுகை வாணி பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு வருடம் நின்ற கால்கள், பதினாலு நாள் உட்கார்ந்தும் ஒருநாளும் சாய்ந்திருக்காது அந்தப் பிள்ளை. இன்றைக்கு மறுபடியும் தனக்காக நின்றுகொண்டு வந்திருக்கிறாள்.

திரும்பும் வண்டி காலியாக இருந்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்த வாணி கண்ணை மூடவில்லை. போகும்போது தூக்கம், வரும்போது இருட்டு. அந்தப் பாதையை வேலை நாளில் வெளிச்சத்தில் பார்ப்பது அதுவே முதல்தடவை. மாலூரில் ஓட்டுச் சூளைகள், டேக்கல் பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த பாறைகள், பங்காருப்பேட்டை தாண்டியதும் தூரத்தில் வெயிலில் வெளுத்துக் கிடக்கும் சயனைட் மேடுகள், சுரங்கக் கழிவு குவிந்து மலையானவை. ஓடாமல் கோரமண்டலில் இறங்கினாள்.

பால் பாக்கெட்டோடு அவள் வீடு சேர்ந்தபோது பன்னிரண்டரை. மனோகர் கடைக்குப் போகவில்லை. வரக்காப்பி டம்ளர் மூன்று கழுவாமல் கிடந்தன. கவலைப்பட்டிருக்கிறான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"நாளைக்குத் தயிரு வேணும்னா மைசூருக்குப் போவியா?" என்றான்.

"போவேன். நீங்களும் வாங்க."

போனை எடுத்துத் மளிகைச் சீட்டு எழுதுகிறவளைப் போல நாலே வரியில் கடிதம் எழுதி ஆபீசுக்கு அனுப்பினாள். பதினைந்து நாளாக வராத வார்த்தைகள் அடுப்பில் பால் பொங்குவதற்குள் வந்துவிட்டன. தயிர்சோறு சாப்பிட்டுவிட்டு, அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வெறும் பாயை விரித்துப் படுத்தாள். விழித்தபோது விளக்கு வைக்கும் நேரம் ஆகியிருந்தது. மனோகர் மிக்ஸியைக்கூடப் போடாமல் அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடியற்காலை வாணி மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போனாள். இந்தத் தடவை வண்டியில் ஏறவில்லை. தன்னை நம்பி ஏறுவதற்கில்லை. ஸ்வாதி ஏறினாள். துண்டு இன்னும் கிடந்தது. நேற்று வாணி உட்கார்ந்துவிட்டதால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டது, இன்னும் பதினைந்து நாள் அது அவளுடைய இடம். சட்டப்படி முனியப்பன் காத்திருந்தார். ஸ்வாதியும் சட்டப்படி நுனியில் உட்கார்ந்தாள்.

வாணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "முனியப்பண்ணா, துண்ட எடுத்துடுங்க" என்றாள்.

"நெஜமாவா வாணிம்மா?"

"எடுங்கண்ணா. அந்தப் புள்ள எத்தினி நாள் நுனியில உக்காரும்?"

முனியப்பன் ஒருதடவை அவளைப் பார்த்தார். பிறகு ஸ்வாதியை எழச் சொல்லித் துண்டை உருவி, உதறி, தோளில் போட்டுக்கொண்டார். ஸ்வாதி வெறும் பலகையில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை முதுகு சாயும்வரை உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். "தேங்க்ஸ்க்கா" என்று ஏதோ ஆரம்பித்தாள்.

"பெயின்ட் உரிஞ்ச எடத்துல தல வெச்சுக்கோ. அங்கதான் ஆட்டம் கம்மி" என்றாள் வாணி.

சிக்னல் விழுந்தது. வண்டி நகர்வதற்குள் ஸ்வாதி தூங்கிப்போயிருந்தாள். முனியப்பன் உதட்டில் விரல் வைத்து, சத்தம் போடாதே என்று வாணிக்கே ஜாடை காட்டினார்.