திரும்பி வராத சீர்க்கூடை

இன்று தாராசுரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோனேன்.

துபாய்த் தம்பி அனுப்பும் கடைக் கூடையை மாப்பிள்ளை கூடத்தில் வைத்து அழகு பார்ப்பார். என் மூங்கில் கூடையை மட்டும் வெற்றிலை பாக்கு வைத்து அப்போதே திருப்பிவிடுவார். பத்து வருஷமாக நான் இதை மறக்கவில்லை.

இந்த முறை மனைவியின் பழைய பட்டுப்புடவையில் நானே கூடை தைத்தேன். மூன்று ஊசி உடைந்தது.

மாப்பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தக் கடை மச்சான்?"

"நான்தான் தைச்சேன்."

"சும்மா அளக்காதீங்க!"

தங்கச்சி சிரித்தாள். "கைப்பிடி ரெண்டும் ரெண்டு நீளம். அண்ணன் தையலேதாங்க."

கிளம்பும்போது வெற்றிலை பாக்கு பிளாஸ்டிக் பையில் வந்தது. கூடைக்குள் மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடியும் செய்தித்தாளும் குடியேறியிருந்தன.

யாராவது இந்தப் பதிவில் துபாய்த் தம்பியை டேக் செய்யுங்கள். நானே செய்தால் நன்றாக இருக்காது.