மப்ளருக்குள் மறைத்த முத்து

பிள்ளைகளே, எனக்கு ஒன்பது வயதில் மணல்வாரி அம்மை வந்தது. சின்னக்கானல் பக்கம் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் அப்போது குடியிருந்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மை வந்து போயிருந்ததால், எனக்குக் காய்ச்சல் கண்டதுமே அம்மா கொழுந்தெடுக்கப் போவதை நிறுத்திவிட்டாள். தினமும் என் காதுக்குப் பின்னால் முத்து போட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். முத்து வெளியே வந்தால் பிள்ளை தப்பிக்கும், உள்ளேயே அடங்கினால் ஆபத்து என்பது லயத்து நம்பிக்கை.

என் கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை கோயில் கொடைத் திருவிழா. வெறும் காய்ச்சல் என்றால் அதற்குள் சரியாகிவிடும். முத்து என்றால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வாசல் தாண்ட முடியாது. நாலாம் நாள் விடியலில் காதோரம் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டது. அப்பாவின் மப்ளரை எடுத்துக் காதையும் கழுத்தையும் மூடிக்கொண்டேன். அம்மா அவிழ்க்க வந்தபோது குளிருகிறது என்று கத்தினேன்.

மத்தியானம் காய்ச்சல் ஏறியது. “முத்து உள்ளுக்குள்ளயே நின்னுபோச்சே” என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா கம்பவுண்டரைக் கூட்டிவர மழையில் ஓடினார். டீ ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து சித்தப்பா வந்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“என்னலே, தொரை கணக்கா மப்ளரு சுத்திப் படுத்திருக்க? ரவுண்ட்ஸ் போவணுமோ?” என்றபடி உருவியவர், “மதினி, இங்க வாங்க! கழுத்து பூரா கெடக்கு!” என்று கூவினார்.

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையை அப்படியே கூப்பி, “வந்துட்டியா தாயே” என்று அழுதாள். கம்பவுண்டரோடு நனைந்து வந்த அப்பா, என் கழுத்தைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கொடை போச்சே என்று நானும் அழுதேன்.

நர்சிங் படிக்கிற உங்கள் அக்கா சொல்லித்தான் மீதிக் கதை எனக்குத் தெரியும். நம் ரத்தத்தில் காவல் செல்கள் உண்டாம். கிருமி புகுந்த செல்லைக் கண்டால் ஒட்டிப் பிடித்து, துளை போட்டு, நொதிகளை உள்ளே இறக்கிவிடுமாம். நொதிகள் உள்ளே போனதும் அந்தச் செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும்; கிருமி பெருக இடமில்லாமல் போகும். தோலில் அந்தச் சண்டை நடக்கிற இடம்தான் முத்தாகச் சிவக்கிறதாம். முத்து வந்த பிறகும் ஆபத்து உண்டு என்பதால்தான் உங்களுக்கெல்லாம் தடுப்பூசி போட்டோம்.

கொடையைக் கெடுத்ததென்று நான் திட்டித் தீர்த்த புள்ளிகள், என்னைக் காப்பாற்ற என் உடம்பே போராடிய இடங்கள் என்று எனக்கு அன்று தெரியாது. அம்மாவுக்கும்தான் தெரியாது. ஆனாலும் அவள் சரியான நேரத்தில் நன்றி சொல்லிவிட்டாள்.